ஒரு கரை, ஒரு கொப்பி: இலங்கையில் கடலைக் காக்கும் உள்ளூர்க் குழுவைத் தொடங்கி நடத்துவது எப்படி?

கடற்கரைச் சிரமதானங்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். காலையில் ஐம்பது அறுபது பேர் கூடுவோம். உரப்பைகள் நிறையும், படம் எடுப்போம், தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவோம். அடுத்த வாடைக்காற்று அடித்ததும் அதே கரையில் அதே மாதிரிப் போத்தலும் பொலித்தீனும் வந்து கிடக்கும். எவ்வளவு வந்தது, போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு குழு ஒவ்வொரு கரையோர ஊரிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பெரிய பணமும் பட்டமும் வேண்டாம். ஒரு துண்டுக் கரை, ஒரு கொப்பி, மாதம் தவறாமல் வரக்கூடிய ஆறேழு பேர் இருந்தால் தொடங்கலாம். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் வாடிக்குப் போங்கள்

வாடி என்றால் கரையில் மீனவர்கள் தங்கும் கொட்டில். குழுவுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவரிடம் போங்கள். கரைவலை இழுக்கும் இடமென்றால் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போங்கள். கையில் திட்டம் எதையும் கொண்டுபோக வேண்டாம். கேட்கப் போங்கள்.

ஒருமுறை மாணவர்களோடு கரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தோம். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கூப்பிட்டார். "தம்பி, குப்பை பொறுக்கிறது நல்ல விசயம்தான். சாதாளையை ஏன் அள்ளிக்கொண்டு போறியள்? அது குப்பையில்லை."

"மணக்குது ஐயா, அதுதான்..."

"மணந்தா மணக்கட்டும். உது கிடந்தாத்தான் மண் கிடக்கும். நீங்கள் வழிச்செடுத்தால் வாடையில கடல் மண்ணை இழுத்துக்கொண்டு போயிடும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. சாதாளை என்பது கடலடியில் வளரும் கடற்புல். கரையொதுங்கும் சாதாளை அலையின் அடியைத் தாங்கி மணலைப் பிடித்து வைக்கிறது. அதற்குள் சிறு நண்டும் பூச்சியும் வாழ்கின்றன, பறவைகள் வந்து மேய்கின்றன. கடலுக்கடியில் உயிரோடு இருக்கும்போது அதே சாதாளைதான் ஓராவுக்கும் ஒட்டிக்கும் இறாலுக்கும் வீடு, கடற்பசுவுக்கு உணவு. அன்றைக்கு ஏற்றிய பைகளைத் திரும்ப அவிழ்த்துக் கொட்டினோம். அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் 'பற்றை' என்று பிடுங்குவதும் இதே மாதிரியான பிழைதான். அவை மணல்மேட்டைக் கட்டி வைத்திருப்பவை.

வாடியில் கேட்டு எழுத வேண்டியவை: எந்த மாதத்தில் எந்தக் காற்றுக்குக் குப்பை அதிகம் ஒதுங்குகிறது, ஆமை எங்கே ஏறும், முன்பு பட்டு இப்போது படாத மீன் எது, களப்பு வாய் எப்போது திறக்கும், எப்போது மூடும். கொப்பியின் முதல் பத்துப் பக்கம் இதுதான். மீனுக்கும் பாருக்கும் (கடலடிப் பாறைத்திட்டு) அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். எங்கள் கடலைப் பற்றி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கும் அளவுக்குத் தமிழில் இல்லை. ஊர்ப்பெயர்களைச் சேர்த்து வைப்பதே ஒரு பாதுகாப்பு வேலை என்று நான் நினைக்கிறேன்.

படி 2: கரையைத் தெரிவுசெய்யுங்கள்

நீளமான கரை வேண்டாம். நூறு மீற்றர் போதும். நடந்தோ சைக்கிளிலோ போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். இரண்டு முனைகளிலும் அசையாத அடையாளம் ஒன்று வேண்டும்: பனை, கிணறு, மடாலயம், வெளிச்சவீட்டுச் சுவர், ஏதோவொன்று. கைபேசியில் இருப்பிடத்தையும் குறித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து வரும் ஒருவர் அதே நூறு மீற்றரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அடங்கியிருக்கும். கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை. வடக்கில் வாடையும் (வடகிழக்குக் காற்று) சோளகமும் (தென்மேற்குக் காற்று) வெவ்வேறு கரைகளைத் தாக்கும். வருடம் முழுவதும் பாதுகாப்பாகப் போய்வரக்கூடிய இடமா என்பதே முதல் கேள்வி.

படி 3: ஆட்களும் அமைப்பும்

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். ஆனாலும் ஆறேழு பேரோடு தொடங்குவதுதான் நல்லது. முப்பது பேர் சேர்ந்த குழு மூன்றாம் மாதம் நான்கு பேராகிவிடும், மிஞ்சியவர்களுக்கு மனம் விட்டுப்போகும்.

யார் அந்த ஆறேழு பேர்? ஆசிரியர் ஒருவர், உயர்தர மாணவர் இருவர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஒருவர், இளம் கடற்றொழிலாளர் இருவர். இது என் விருப்பப் பட்டியல். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் உள்ளே இல்லாத குழு நிலைக்காது. தங்காலைக்கு அருகில் ரெக்கவ என்ற ஊரில், 1990களில் ஆமைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று, அதுவரை ஆமை முட்டை எடுத்து விற்றுவந்தவர்களையே கூடுகளுக்குக் காவலாக அமர்த்தியது. கூடு எங்கே இருக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? சிலாபத்தில் சுதீச அமைப்பு, களப்போரச் சேற்றில் வளரும் கண்டல் காடுகளை ஒட்டி வாழும் பெண்களுக்குச் சிறுதொழில் கடன் கொடுத்து, கண்டலைக் காக்கும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்தது. இரண்டிலும் பாடம் ஒன்றுதான்.

பதிவு விசயத்தில் அவசரப்பட வேண்டாம். பாடசாலைக்குள் என்றால் சுற்றாடல் கழகமாகவே தொடங்கலாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தோடு இணைத்துக்கொண்டால் மாணவர்களுக்குப் பதக்கமும் கிடைக்கும். ஊர்க் குழுவென்றால் கிராம அலுவலருக்கு அறிவித்து, எளிய யாப்பு ஒன்றை எழுதி, பிரதேச செயலகத்தில் பதிவு செய்யும் முறையைக் கேளுங்கள். பல மாவட்டங்களில் வேலை, வெளிநாட்டு நிதி என்று வளர்ந்த பிறகுதான் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 4: எதற்கு யாரைக் கேட்பது

இந்த இடத்தில்தான் பல குழுக்கள் தடுமாறுகின்றன. கடல் ஒன்று, திணைக்களங்கள் பல.

கரையோர வலயம் என்று சட்டம் சொல்வது உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கி.மீ. அதற்குள் மணல் அள்ளுவது, கட்டடம் கட்டுவது போன்றவை கரையோரம் பேணல் திணைக்களத்தின் பொறுப்பு. கடலில் எண்ணெயோ கழிவோ கலந்தால் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை. ஆமை, கடற்பசு, திமிங்கிலம், பவளம், சரணாலயங்கள் எல்லாம் வனசீவராசிகள் திணைக்களம். வலை, படகு, தடைசெய்யப்பட்ட தொழில்முறை என்றால் கடற்றொழில் பரிசோதகர். அள்ளிய குப்பையை ஏற்றுவது உங்கள் பிரதேச சபை. இதை ஒரு பக்கத்தில் எழுதி, அந்தந்த உள்ளூர் அலுவலகத் தொலைபேசி எண்ணோடு கொப்பியின் பின்னட்டையில் ஒட்டுங்கள்.

பிரதேச சபையோடு முதல் நாளே பேசி, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று உறுதிப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் கட்டிவைத்த பைகளை இரவோடிரவாக நாய் கிழித்துவிடும்.

புறாத்தீவு, ஹிக்கடுவை போன்ற கடல் தேசிய பூங்காக்களுக்குள் அனுமதி இல்லாமல் எந்த வேலையும் செய்யக்கூடாது. நல்ல நோக்கம் என்பது அனுமதிப் பத்திரம் ஆகாது.

படி 5: பிள்ளைகளின் பாதுகாப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒன்றையும் தவிர்க்க வேண்டாம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை. செருப்பு அல்லது சப்பாத்து, கையுறை, தொப்பி, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி. ஊசியும் உடைந்த கண்ணாடியும் பெரியவர்கள் மட்டும் எடுக்கலாம்.

வடக்கு கிழக்கில் இன்னொன்று. மண்ணுக்குள் புதைந்த உலோகப் பொருள் எதையும் தோண்டவோ தொடவோ கூடாது. அடையாளம் வைத்துவிட்டு விலகி வந்து 119க்கு அறிவியுங்கள். போர் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள்.

படி 6: மாதக் கணக்கெடுப்பு

குழுவின் உயிர் இதில்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், உதாரணமாக முதல் சனிக்கிழமை. மழை என்றால் மறுநாள். மற்ற எல்லாம் பிறகு.

தேவையானவை: 50 மீற்றர் அளவுநாடா, தொங்கு தராசு, உரப்பைகள், பென்சில், ஒரு வாளி, ஒவ்வொரு பக்கமும் 50 செ.மீ. வரும்படி பீ.வீ.சீ. குழாயில் செய்த சதுரச் சட்டம், ஒரு சிறு மண்வாரி. பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது.

நீர்விளிம்பிலிருந்து அடம்பன் கொடி தொடங்கும் இடம் வரை நூறு மீற்றரையும் நடந்து, பொறுக்கும்போதே வகைபிரித்து எண்ணுங்கள்: போத்தல், மூடி, சசே பக்கற், ஸ்ட்ரோ, ரெஜிபோம், வலைத்துண்டு, கயிறு, செருப்பு, மருத்துவக் கழிவு. ஒருவர் எடுக்க, ஒருவர் எழுத வேண்டும். போத்தலில் லேபிள் இருந்தால் எந்த நாட்டு எழுத்து, எந்தத் திகதி என்று பாருங்கள். உள்ளூரில் வீசியதா கடல் கொண்டுவந்ததா என்பதற்கு அதுதான் தடயம். கடைசியில் எடை.

எண்ணிக்கை ஏன்? 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த பொருள்களுக்கு 20 மில்லிலீற்றர், 20 கிராம் வரையான சசே பக்கற்றுகள் இலங்கையில் தடை. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவையும் தடை. சட்டம் உங்கள் கரையை எட்டியிருக்கிறதா என்று சொல்ல உங்கள் கொப்பியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அடுத்தது பிளாஸ்டிக் மணிகள், அதாவது பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளாகும் சிறு உருண்டைகள். பிள்ளைகளுக்கு இதுவே முதல் பாடமாகவும் இருக்கட்டும். உயர்நீர்க் கோட்டில், அதாவது சாதாளை வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில், சதுரக் குழாய்ச் சட்டத்தை வையுங்கள். அதற்குள் மேல் மணலை இரண்டு செ.மீ. ஆழத்துக்கு வழித்து, பாதிவரை கடல்நீர் உள்ள வாளியில் போட்டுக் கையுறையோடு கலக்குங்கள். மணல் அடியில் போய்விடும். சருகு, சிப்பித் தூள், குச்சி எல்லாம் சுழன்று அடங்கும்போது, தண்ணீர் மேல் பயறளவில், பால்வெள்ளையில் உருண்டைகள் மிதக்கும். பார்த்தவுடன் பிள்ளைகள் "மீன் முட்டை!" என்பார்கள். மீனும் பறவையும்கூட அதை உணவென்று விழுங்கிவிடும். நகத்தால் அழுத்தினால் உடையாது. அப்போதுதான் விளங்கும், இது பிளாஸ்டிக் என்று. ஐந்து இடங்களில் இப்படி எடுத்து எண்ணி, சராசரியை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை என்று வந்துவிடும். ஒன்றும் கிடைக்காவிட்டால் 'பூச்சியம்' என்று எழுதுங்கள். பூச்சியமும் தரவுதான்.

2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. மேற்குக் கரை நெடுக அவை பனி கொட்டியதுபோல் ஒதுங்கின. 2018இல் இளைஞர்கள் தொடங்கிய பேர்ள் புரொடெக்டர்ஸ் போன்ற தன்னார்வக் குழுக்கள் மணலைச் சலித்து அவற்றைப் பிரித்தெடுத்தன. வழக்கு நான்கு வருடம் நடந்து, 2025 ஜூலையில் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதற்குச் சற்று முன், 2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கி, ஜூனில் எங்கள் வடக்குக் கரையிலும் மணிகள் ஒதுங்கின. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. இழந்ததை நிரூபிக்க வேண்டுமானால் முன்பு எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். அந்த 'முன்பு' உங்கள் கொப்பியில் இருக்கும்.

படி 7: கண்டல் நடுவதற்கு முன்

மரம் நடுவது எல்லோருக்கும் பிடித்த வேலை. அதனால்தான் இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1,000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் மீள்நடுகை நடந்தது. பிறகு 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 2017இல் வெளியான அவர்களது முடிவு: மொத்தத்தில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருத்தமில்லாத இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும் கண்டல் நாற்றை எடுத்துச் சேற்றில் குத்துவது மிகச் சுலபம். ஆகவே எங்கும் அதையே குத்துகிறார்கள். எங்கள் நாட்டில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பல களப்புகளில் மாரிமழைக்கு நீர் ஏறினால், வாய் வெட்டும்வரை வாரக்கணக்கில் வடியாது. அந்தத் தண்ணீருக்குள் இளங்கன்று மூழ்கி மூச்சடைத்துச் சாகும். உவர் கூடிய வெளியில் இந்தக் கண்டல் இனம் தடுமாறும், அங்கே மூச்சுவேர் நீட்டி நிற்கும் கண்ணா என்ற இன்னொரு இனம் தாக்குப்பிடிக்கும். சாதாளைப் படுக்கை மீதோ பறவை மேயும் சேற்றுவெளி மீதோ நட்டால் ஒன்றைக் காக்கப் போய் இன்னொன்றை அழித்தவர்களாவோம்.

ஆகவே ஒரு வருடம் நடாதீர்கள். பாருங்கள். இங்கே முன்பு கண்டல் நின்றதா? நின்றதென்றால் ஏன் இல்லாமல் போனது? நீரோட்டத்தை மறித்து வீதி போட்டார்களா? மாடு மேய்கிறதா? விறகுக்கு வெட்டுகிறார்களா? தடையை நீக்கினால் பல இடங்களில் விதை தானாக வந்து முளைக்கும். அப்படியும் நடத்தான் வேண்டுமென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கேட்டு, பக்கத்தில் இயற்கையாக நிற்கும் இனங்களையே, அவை நிற்கும் அதே நீர்மட்டத்தில் நட்டு, மாட்டுக்கு வேலி போட்டு, மூன்று வருடமாவது எண்ணிக்கை எடுங்கள். கண்டலுக்குள் போகும்போது தில்லை மரத்தை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இவ்வளவு சொன்னாலும், சரியாகச் செய்தால் பலன் உண்டு. இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

படி 8: ஆமை, கடற்பசு, திமிங்கிலம்

உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து எங்கள் கரையில் முட்டையிடுகின்றன: பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. ஐந்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. முட்டையை எடுப்பதும், ஓட்டை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

முட்டைக் கூட்டைக் கண்டால் தோண்டி இடம் மாற்ற வேண்டாம். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற எண்ணில் அறிவியுங்கள். அதற்குப் பிறகு உங்களால் முடிந்த மிகப் பெரிய உதவி வெளிச்சத்தைக் குறைப்பது. பொரித்து வெளியேறும் குஞ்சு கடலின் மேல் தெரியும் மங்கல் ஒளியை நோக்கி ஓடும். கரையில் பெரிய விளக்கு எரிந்தால் வீதிக்கு ஓடி நசுங்கும். அந்த ஏழெட்டு வாரம் கடற்கரை விளக்கை அணைக்கவோ மறைக்கவோ பக்கத்து வீடுகளிடமும் விடுதியிடமும் கேட்டுப் பாருங்கள்.

இறந்து ஒதுங்கிய ஆமையையோ கடற்பசுவையோ தொடாமல், பக்கத்தில் ஒரு செருப்பையோ பென்சிலையோ அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள். இடம், நேரம், வலைக்காயம் தெரிகிறதா என்று எழுதுங்கள். பிறகு அதே 1992.

2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூறளவு பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது கடற்படையினரும் ஊரவர்களும் இரவிரவாக அவற்றைத் தள்ளிக் கடலில் விட்டார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. உங்கள் ஊரில் அப்படி நடந்தால்: தகவல் சொல்லிவிட்டு, ஈரத்துணி போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். தலைமேல் உள்ள மூச்சுத்துவாரத்தில் தண்ணீரோ மணலோ போகவிடாதீர்கள். வாலையும் துடுப்பையும் பிடித்து இழுக்காதீர்கள். கூட்டத்தை விலக்குங்கள்.

படி 9: எண்களைக் கொண்டு என்ன செய்வது

ஆறு மாதக் கணக்கு சேர்ந்ததும் ஒரு பெரிய காகிதத்தில் வரைபடமாகக் கீறி, ஊர் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்: சனசமூக நிலையம், மாதா கோவில் முன்றல், அம்மன் கோயில் மடம், இறங்குதுறை. அதன் பிறகு ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். வலைத்துண்டு அதிகமென்றால் இறங்குதுறையில் பழைய வலை போட ஒரு கூடு கேட்டுச் சங்கத்திடம். சசே பக்கற் அதிகமென்றால் கடைக்காரர்களிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும். ஐந்து கோரிக்கையை ஒரே கடிதத்தில் எழுதினால் ஒன்றுமே நடக்காது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் பொலிஸ் இல்லை. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடித் தொழில் 2017 முதல் சட்டப்படி தடை, தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையும் தடை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் இன்னாரிடம் இன்ன வலை இருக்கிறது என்று குழுவின் கொப்பியில் எழுதத் தொடங்கினால் வாடிக் கதவு அன்றோடு மூடிவிடும். கடலட்டைப் பண்ணை போன்ற, ஊரையே இரண்டாக்கும் விடயங்களிலும் அப்படித்தான். கோஷம் போடுவதற்கு முன், பண்ணைக்குப் பக்கத்தில் சாதாளை எப்படி இருக்கிறது என்று மாதாமாதம் படமெடுத்து வையுங்கள். தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவிடமோ யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களிடமோ அந்தப் பதிவைக் கொண்டுபோனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

படி 10: பணம்

முதல் வருடம் பணம் கேட்காதீர்கள். தராசும் நாடாவும் கையுறையும் ஊருக்குள்ளேயே சேரும். பணம் வரத் தொடங்கினால் இரண்டு கையொப்ப வங்கிக் கணக்கு, மாதக் கணக்கறிக்கை, பற்றுச்சீட்டு ஒட்டிய கொப்பி. உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் போன்றவை ஊர் அமைப்புகளுக்கு உதவுகின்றன. பன்னிரண்டு மாதக் கணக்கெடுப்போடு போகும் குழுவின் விண்ணப்பத்துக்குக் கனம் கூடும்.

இரண்டாம் வருடம்

உயர்தர மாணவர்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே ஒன்பதாம் பத்தாம் தரப் பிள்ளைகள் இருவரை எப்போதும் கூடவே வைத்திருங்கள், எழுதும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துப் பழக்குங்கள். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு வேறு கைபேசிகளில் வையுங்கள். ஒரு வெள்ளத்தில் ஒரு வருட உழைப்புக் கரைந்துபோக விடக்கூடாது.

இரண்டாம் கொப்பியில் ஒவ்வொரு மாதப் பக்கத்தின் தலைப்பிலும் போன வருடம் அதே மாதத்தின் எண்ணை எழுதி வையுங்கள். ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும், வாடைக் குப்பையைச் சோளகக் குப்பையோடு ஒப்பிட்டால் தவறான முடிவுதான் வரும். எழுதி முடித்ததும் வலை பொத்தும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எண் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று அவர் சொல்வதையும் அதே பக்கத்தில், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.